லேப்டாப்புக்குச் சாயந்திர விலை உண்டா?

பழைய கம்ப்யூட்டர் விற்கிறவளை ஊரில் யாரும் முழுசாக நம்புவதில்லை, ஆனால் கம்ப்யூட்டர் வேண்டுமென்றால் அவள் கடைப் படியைத்தான் மிதிப்பார்கள்.

வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் கடை. சென்னையில் பெரிய ஆபீஸ்கள் ஓட்டி முடித்து மொத்தமாகத் தள்ளிவிடுகிற லேப்டாப்புகளையும் டெஸ்க்டாப்புகளையும் வாங்கி வந்து, பிரித்து, தூசி தட்டி, செத்துப்போன பேட்டரியை மாற்றி, துடைத்து அடுக்கி விற்கிறோம். 'விற்கிறோம்' என்பது ஒரு மரியாதைக்குத்தான். வீட்டுக்காரர் ஷிப்டு வேலைக்குப் போய்விடுவார். கடையில் முதலாளி, மெக்கானிக், கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாம் நான் ஒருத்திதான்.

இந்த வருஷம் ரேம் விலை ஏறுகிற ஏற்றத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கேயோ பெரிய பெரிய கம்பெனிகள் சிப்பையெல்லாம் அள்ளிக்கொண்டு போகின்றனவாம், அதனால் வில்லியனூரில் என்னிடம் வந்து சண்டை போடுகிறார்கள். கையில் இருக்கிற காசுக்குள் ஒரு மெஷின் தேடிக் கடை கடையாக ஏறி இறங்கியவர்களும், அவர்களுக்குப் பதில் சொல்லித் தொண்டை காய்ந்தவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம். எல்லாம் ஒரே மாதத்துக்குள் நடந்ததுதான்.

செவுள் எங்கே இருக்கிறது?

அஞ்சலை அக்கா வீராம்பட்டினத்துக்காரர். கரையில் ஏலம் எடுத்த மீனை வேனில் ஏற்றி வந்து மார்க்கெட்டில் குடை போட்டு விற்கிறவர். ஒரு நாள் காலையில் வியாபாரத்துக்கு நடுவே கடை வாசலில் வந்து நின்றார். மகள் தேவி பி.காம் படித்தவள். கைக்குழந்தையோடு அம்மா வீட்டில் இருக்கிறாள். பாண்டியில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வீட்டிலிருந்தே பில் ஏற்றுகிற வேலைக்குச் சரி என்றிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை, சொந்தமாகக் கம்ப்யூட்டர் வேண்டும், மாதம் பிறந்ததும் உட்கார வேண்டும். இல்லையென்றால் அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத பெண்ணுக்கு இதை விட்டால் இன்னொரு வேலை லேசில் வராது என்று அக்காவுக்கே தெரிந்திருந்தது.

பட்ஜெட்டுக்குத் தோதாக ஒரு கறுப்பு லேப்டாப்பை எடுத்து வைத்தேன். அக்கா தொடவில்லை. ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து நாலு பக்கமும் பார்த்தார். "செவுளு எங்கம்மா இருக்குது இதுக்கு?" என்றார். அடியைத் திருப்பி, ஃபேன் இருக்கிற கம்பி இடுக்கைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். ஆன் செய்யச் சொல்லிப் பார்த்தார். விலையைக் கேட்டார். பிறகு, "சாய்ங்காலம் வரேன். அப்போ எறங்கிடும் இல்ல?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீன்தான் வெயில் ஏற ஏற விலை இறங்கும். அக்கா, இது அப்படி இல்லை, ரேம் விலை தினமும் ஏறுகிறது, இன்றைக்கே எடுத்தால் நல்லது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "விக்கிறவங்க எல்லாரும் ஏறும்னுதாம்மா சொல்லுவாங்க. நானும் காத்தால அத்தத்தான் சொல்றேன்."

கரும்பு லோடும் கேபினட்டும்

கரியமாணிக்கத்திலிருந்து தணிகாசலம் என்று ஒருவர் வந்தார். கரும்பு போடுகிறவர். பாலிடெக்னிக்கில் படிக்கிற பையனுக்கு டெஸ்க்டாப் வேண்டுமாம். நான் விளக்க ஆரம்பிப்பதற்குள் வரிசையாக வைத்திருந்த கேபினட்டுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆலைக்கு லோடு அனுப்பிப் பழகியவர், எடைப் பாலம் சொல்வதுதான் அவருக்குக் கடைசித் தீர்ப்பு. இருப்பதிலேயே பழசு, மூலையில் கிடந்த ஒரு பெரிய கேபினட். அதைத் தூக்கியதும் முகம் மலர்ந்துவிட்டது. நான் எடுத்து வைத்த நல்ல மெஷினைத் தூக்கிவிட்டு, "இதுல உள்ள ஒண்ணுமே இல்லியேம்மா" என்றார்.

உள்ளே எஸ்.எஸ்.டி. இருக்கிறது, அந்தக் காலத்து ஹார்டு டிஸ்க் மாதிரி கனமாக இருக்காது, அதனால்தான் வேகம் என்று சொன்னேன். "இல்லாததுக்கு இன்னாத்துக்குமா காசு?" என்றார். எனக்குக் கோபம் வந்தால் வாய் நின்றுவிடும், கை வேலை செய்யும். ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். நல்ல மெஷினின் உள்ளுறுப்பு அத்தனையையும் கழற்றி அந்தப் பழைய பெரிய கேபினட்டுக்குள் பொருத்தினேன். அதிலிருந்த செத்துப்போன ஹார்டு டிஸ்க்கை ஒயர் கொடுக்காமல் அப்படியே விட்டேன். "அண்ணே, இது வேலை செய்யாது, சும்மா எடைக்குத்தான் இருக்குது" என்று நேர்மையாகச் சொல்லியும் விட்டேன். அவர் திரும்பத் தூக்கிப் பார்த்தார். இரண்டு கையிலும் ஏந்தி ஒரு குலுக்குக் குலுக்கினார்.

"இருக்கட்டும்மா. வேல செய்யுதோ இல்லியோ, ஒரு பொருள்னா தூக்குனா கைக்குத் தெரியணும்."

மச்சான் பெங்களூரில் இருக்கிறார்

அஞ்சலை அக்கா சாயந்திரமானால் வந்துவிடுவார். கூடையைக் கழுவி வெளியே கவிழ்த்துவிட்டு, வாசற்படியில் நின்று, "எறங்குச்சா?" என்பார். "இல்லக்கா" என்பேன். "சரி, போட்டுக் காட்டு" என்பார். ஆன் செய்து காட்டுவேன். திரை வெளிச்சம் வந்ததும் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். இப்படி ஒரு பேரத்தை நான் பார்த்ததே இல்லை. நம்மைக் களைக்க வைத்து விலையைக் குறைக்கிற வித்தை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அந்த நாட்களில்தான் குருவிநத்தத்திலிருந்து பால் வேன் ஓட்டுகிற சேகர் வந்தார். மகளுக்கு லேப்டாப். வந்ததும் வராததுமாகப் போனில் வீடியோ கால் போட்டு என் முன்னால் நீட்டினார். மச்சான் பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிறாராம், அவர் பார்த்துச் சொன்னால்தான் வாங்குவாராம். அஞ்சலை அக்கா பார்த்து வைத்த கறுப்பு லேப்டாப்பைக் காட்டாமல் பக்கத்திலிருந்த சாம்பல் நிறத்தைக் காட்டினேன். அக்கா வாங்குவாரா மாட்டாரா என்றே தெரியாதபோது அவருக்காக ஒரு பொருளை ஒளித்து வைக்க எனக்கு என்ன தலையெழுத்து என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

மச்சான் கெட்டிக்காரர். பிராசஸர் என்ன, பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஆகியிருக்கிறது, கீல் ஆடுகிறதா என்று எல்லாம் கேட்டார். கடைசியில், "டிஸ்பிளேல குறுக்க ஒரு கோடு கீது, வாணாம்" என்று சொல்லிவிட்டார். நான் திரையைத் துணியால் துடைத்துக் காட்டினேன், கோடு இருக்கிறது என்றார். வேறொரு லேப்டாப்பைக் காட்டினேன், அதிலும் இருக்கிறது என்றார். போனைச் சுவர் பக்கம் திருப்பச் சொன்னேன். சுவரிலும் கோடு. என் பக்கம் திருப்பினார் சேகர். "யக்கா, உங்க மூஞ்சிலயும் கோடு தெரியுது" என்றார் மச்சான். சேகர் போனைத் திருப்பி அதன் கேமராக் கண்ணாடியைச் சட்டையில் தேய்த்துப் பார்த்தார். கீறல் போகவில்லை. கொஞ்சமும் அசராமல் என்னைப் பார்த்தார்.

"லேப்டாப்பு நல்லாத்தாங்கா இருக்குது, எடுத்துக்கறேன். இந்தப் போன குடுத்தா இன்னா கழிப்பீங்க?"

பிறந்த நேரம்

ஆன் செய்து காட்டாமல் எந்த மெஷினையும் கடையை விட்டு அனுப்பமாட்டேன். அது என் சட்டம். போன பிறகு 'வரவே இல்லை' என்று ஒரு போன் வந்தால் பதில் சொல்கிற சக்தி எனக்குக் கிடையாது. பாகூரிலிருந்து புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து டெஸ்க்டாப் தேர்ந்தெடுத்தார்கள். பிளக்கைச் செருகி சுவிட்சில் கை வைத்தேன். அந்தப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ராகு காலமாம். நல்ல நேரத்தில் வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துத்தான் முதல் முதலாகப் போட வேண்டுமாம்.

"ஏம்மா, இது ஒரு ஆபீசுல வருஷக்கணக்கா தினமும் ஓடுன மெஷின். அங்க ராகு காலம், எமகண்டம் எல்லாத்துலயும் ஓடியிருக்கும்" என்றேன். "அது அவுங்க ராசிக்கா. எங்க வூட்டுக்கு இது இன்னிக்குத்தான் பொறக்குது" என்றாள். புருஷன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். அவனும் அன்றாடம் இதே கோர்ட்டில்தான் வாதாடுகிறான் போலிருக்கிறது. கடைசியில் சட்டம் தோற்றது. முந்தின நாள் சோதித்த தைரியத்தில் அப்படியே கட்டிக் கொடுத்தேன். மெஷின் போய்விட்டது, என் நிம்மதியும் கூடவே பைக்கில் ஏறிப் போய்விட்டது.

சாயந்திரம் அவளே போன் செய்தாள். "வந்துச்சாம்மா?" என்றேன். "வந்துச்சுக்கா. மஞ்ச குங்குமம் வெச்சி, கற்பூரம் காட்டிட்டுப் போட்டோம். உள்ள ஃபேனு கொஞ்சம் சத்தமா ஓடுது" என்றாள். அதற்கு நான் காரணம் சொல்லத் தொடங்குவதற்குள் அவளே முடித்தாள்: "பரவால்லக்கா, பொறந்ததும் அழுதா நல்லதுதானே."

மேசை மேல் விழுந்த கை

மாதக் கடைசி வந்துவிட்டது. சென்னையிலிருந்து அடுத்த லோடுக்குச் சொன்ன விலையைக் கேட்டுத் தலை சுற்றியது. கடையில் இருந்த எல்லாவற்றுக்கும் விலையைக் கூட்ட வேண்டியதாயிற்று. கறுப்பு லேப்டாப்புக்கும் கூட்டினேன். அக்காவிடம் அதைச் சொல்கிறபோது எனக்கே குற்றவாளி மாதிரி இருந்தது. "ஏறிடுச்சா?" என்றார். "ஏறிடுச்சுக்கா. இன்னும் ஏறும். பாப்பா வேலைக்கு உக்கார வேண்டிய நாள் வந்துடுச்சு, விளையாடாதீங்க" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். "சரி, போட்டுக் காட்டு" என்றார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. போட்டுக் காட்டினேன்.

அப்போது, கடை ஓரத்தில் நான் வைத்திருக்கிற மெஷினில் ஜெராக்ஸ் எடுக்க ஒருவர் உள்ளே வந்தார். காகிதத்தை என்னிடம் நீட்டிவிட்டு, சும்மா நிற்கிறபோது எதையாவது தடவுகிற பழக்கம் உள்ள மனிதர், கறுப்பு லேப்டாப்பின் மேல் கையை வைத்தார். அவ்வளவுதான். கரையில் தான் ஏலம் எடுத்த கூடை மேல் இன்னொருத்தர் கை விழுந்தால் எப்படியோ, அப்படித்தான் இருந்தது அக்கா போட்ட சத்தம். "கைய எடு. அது என்னுது." அந்த ஆள் பயந்து ஜெராக்ஸை வாங்காமலே வெளியே போய் நின்றார். அக்கா என் குழாயில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவினார், கையோடு கொண்டுவந்திருந்த புதுத் துண்டில் துடைத்தார், இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து கூட்டின விலையை ஒரு வார்த்தை பேரம் பேசாமல் எடுத்து வைத்தார்.

எனக்குத் தாங்கவில்லை. அன்றைக்கே எடுத்திருந்தால் இத்தனை அதிகம் கொடுத்திருக்க வேண்டாமே, இத்தனை நாள் சாயந்திர விலைக்கு நின்று என்ன கண்டீர்கள் என்று கேட்டேவிட்டேன். அக்கா லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "வெலைக்கா வந்தேன்? மீனுன்னா செவுளப் பாத்துச் சொல்லிடுவேன். இதுல இன்னாத்தப் பாக்குறதுன்னு எனக்குத் தெரியலமா. அதான் தெனம் வந்து போடச் சொல்லிப் பாத்தேன். இவ்ளோ நாளா கெடல. இனிமே கெடாது."

ஐஸ் பெட்டி

'இனிமே கெடாது' என்று அவர் என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை நான்தானே அவரிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவி வேலைக்கு உட்கார்ந்த அன்று காலையிலிருந்து போன் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு முன்பே வந்தது. அக்கா திட்டியிருந்தால் பரவாயில்லை. மெதுவாகப் பேசினார். "மெஷினு அணைஞ்சி அணைஞ்சி போவுதும்மா. தேவி அழுவுது."

ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். அரியாங்குப்பம் தாண்டும்வரைக்கும் என்னென்ன கெட்டிருக்கலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்துக்கொண்டே போனேன். பேட்டரியா, போர்டா, நான் மாற்றிய ரேமா. சாயந்திரத்துக்குள் முதல் நாள் பில்களை ஏற்றி அனுப்பாவிட்டால் அந்த வேலை இன்னொரு பெண்ணுக்குப் போய்விடும். அதற்குக் காரணம் நான் விற்ற பொருளாக இருக்கும். வீராம்பட்டினத்தில் அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால், குழந்தை தூளியில் தூங்குகிறது, தேவி தரையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுகிறாள். எதிரே மீனுக்கு ஐஸ் போடுகிற பெரிய தெர்மாகோல் பெட்டி, வாய் அவள் பக்கம் இருக்கும்படி சாய்த்து வைத்திருக்கிறது. அதற்குள்ளே, மூன்று பக்கமும் பிளாஸ்டிக் கவர் சுற்றி, என் கறுப்பு லேப்டாப். தேவி பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டுத்தான் காலையிலிருந்து தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் கையை விட்டேன். இட்லிக் குண்டான் மூடியைத் திறந்த மாதிரி சூடு அடித்தது.

"யாராவது லேப்டாப்ப ஐஸ் பொட்டில வெப்பாங்களாக்கா?" என்று கத்தியேவிட்டேன். பயம் இறங்கினால் எனக்குக் குரல் ஏறும். "உப்புக் காத்தும்மா" என்றார் அக்கா. "கதவு தாப்பாளே துரு புடிச்சி உதுருது. மீனே கெடாத பொட்டி, இது எப்டி கெடும்னுதான் வெச்சேன்." லேப்டாப்பை வெளியே எடுத்துக் கவர்களைப் பிய்த்தேன். ஓட்டைக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அடியில் காற்றுப் போகிற மாதிரி அதன் மேல் வைத்து, ஆறவிட்டு, ஆன் செய்தேன். வந்தது. காலையில் அணைந்தபோது அழிந்துபோன பில்களை தேவி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தாள். குழந்தை விழித்துக்கொண்டபோது நான் தூளியை ஆட்டினேன். அக்கா அன்று வியாபாரத்துக்குப் போகவே இல்லை. பொழுது சாய்கிற நேரத்தில் கடைசி பில் போனது. ஆபீசிலிருந்து ஒரு வரி வந்தது, நாளைக்கும் பில் அனுப்புகிறோம் என்று. தேவி அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

கிளம்பும்போது அக்கா ஸ்கூட்டர் வரைக்கும் வந்து ஒரு பையில் மீன் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை. இதைச் சுத்தம் செய்து உப்பும் மஞ்சளும் தடவி வை, புளியைக் கெட்டியாகக் கரை, கொதி வந்த பிறகுதான் மீனைப் போடு, போட்ட பிறகு கரண்டியால் கிளறாதே என்று வரிசையாகச் சொன்னார். தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் சொன்னார்.

"பாத்தியா, மீனு குடுத்தா எப்டி வெக்கணும்னு சொல்லித்தான் நான் குடுப்பேன். நீ ரேமு, பேட்டரின்னு எல்லாம் சொன்ன. வூட்ல எங்க வெக்கணும்னு ஒரு வார்த்த சொல்லலியேம்மா."

இப்போதெல்லாம் எங்கள் கடையில் லேப்டாப் வாங்குகிற வேலை சீக்கிரமே முடிந்துவிடுகிறது, அதை வீட்டில் எங்கெங்கே வைக்கக் கூடாது என்று நான் சொல்லி முடிக்கும் வரைக்கும் உட்காருவதற்காகத்தான் வாங்கினவர்களுக்கு நாற்காலி போட வேண்டியிருக்கிறது.